பாப்பாவுக்கு மறுவீடு

போன மாதம் பட்டர்வொர்த்தில் நடந்த கல்யாணத்தில் பழைய தெருக்காரர்கள் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்தோமே, அந்தப் பேச்சின் மிச்சம் இது. முட்டிவலி, சர்க்கரை, பேரப்பிள்ளைகளின் கைப்பேசி என்று சுற்றி வந்த பேச்சில், நம்மில் ஒருத்தி தன் மருமகளைப் பற்றிச் சொன்னாள். மருமகள் ஒரு குழந்தையை வீட்டில் வைத்து வளர்த்தாளாம். தத்து எடுத்த குழந்தை இல்லை. பெற்றவர்களுக்குத் தோது வரும்வரை பார்த்துக்கொள்ளக் கொடுத்த குழந்தை. தோது வந்தது, குழந்தையை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். இனிமேல் எந்தக் குழந்தையும் வேண்டாம் என்று மருமகள் கதவைச் சாத்திவிட்டாள். "இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்குப் பொறுமை இல்லலா" என்று நீங்கள் எல்லாரும் சேர்ந்து தீர்ப்புச் சொன்னீர்கள். எனக்கு அப்போது வாய் நிறையப் பிரியாணி. அதனால் இப்போது சொல்கிறேன்.

எங்கள் வீடு உங்களுக்குத் தெரியும். பினாங்கில் குயின் ஸ்திரீட்டுக்குப் பின்னால் இருந்த சந்தில், சோற்றுக்கடைக்கு மேல்மாடி. இன்று அங்கே லிட்டில் இந்தியா என்று வளைவு வைத்து விளக்குப் போட்டிருக்கிறார்கள். அன்று நமக்கு அது வெறும் கடைத்தெரு. பலகைத் தரையின் இடுக்கு வழியாகக் கீழ்க்கடை வெளிச்சம் கோடு கோடாக மேலே வரும்; அதோடு ஆட்டுக்கறி தாளிக்கும் வாசனையும் வரும். நாங்கள் சைவ உணவுதான் தின்றோம் என்று யாரும் நம்பமாட்டார்கள், சட்டையெல்லாம் அந்த வாசனைதான். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். எனக்குப் பிறகு அம்மாவுக்குப் பிள்ளை இல்லை.

ஊருக்கு வெளியே ஒரு பிள்ளைகள் இல்லம் இருந்தது. கைக்குழந்தைகளைப் பார்க்க அங்கே ஆள் போதாது. அங்கு வேலை பார்த்த மிஸ், அப்படி வரும் குழந்தைகளை அம்மாவிடம் கொண்டுவந்து விடுவார். ஒரு வாரம், இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகும். பெயர் பழகுவதற்குள் போய்விடுவதால் எங்கள் வீட்டில் எல்லாக் குழந்தைக்கும் ஒரே பெயர்தான், பாப்பா. ஆனால் நான் சொல்ல வந்த பாப்பா அப்படிப் போகவில்லை. நடை பழகாத வயதில் வந்தவள், ஓடி விளையாடும்வரை இருந்தாள். அவளைப் பெற்றவளுக்குக் காசநோய். ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தகப்பன் எங்கேயோ போய்விட்டான் என்று மிஸ் சொன்னார்.

உத்திரத்தில் ஒரு இரும்பு ஸ்பிரிங், அதில் சாரோங்கைக் கட்டித் தொட்டில். அந்தத் தொட்டிலை இப்போது யார் வீட்டில் பார்க்கிறீர்கள்? பாப்பா துள்ளும்போது ஸ்பிரிங் கிறீச் கிறீச் என்று கத்தும், கீழே கடையில் சாப்பிடுகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். தூங்க வேண்டுமென்றால் அவளுக்கு இடது காதுமடலை யாராவது மெதுவாகத் தடவ வேண்டும். அம்மா ஒரு கையால் காதைத் தடவிக்கொண்டே மறுகையால் கீரை ஆய்வாள். யாரும் சொல்லித் தராமலே பாப்பா அம்மாவை அம்மா என்றுதான் கூப்பிட்டாள். எனக்கு முதலில் பொறாமை. பிறகு அவள் என்னை அக்கா என்றதும் அது போய்விட்டது.

அந்த வருஷம் தீபாவளிக்கு முந்தின மழைக்காலத்தில் மிஸ் வந்தார். பெற்றவளுக்குக் குணமாகிவிட்டது, அக்கரையில் பட்டர்வொர்த் பக்கம் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் வேலையும் கிடைத்துவிட்டது, பிள்ளையை அழைத்துப் போக வருகிறாள் என்றார். நல்ல செய்திதான். அப்பாவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். தாயும் பிள்ளையும் சேருகிற நல்ல காரியத்தில் கண்ணீர் விட்டால் பிள்ளைக்கு ஆகாது, சிரித்த முகமாக அனுப்பு என்று அம்மாவிடம் சொன்னார். மிஸ் தன் பங்குக்கு, கொஞ்ச காலம் நீங்கள் போய்ப் பார்க்காமல் இருப்பது நல்லது, பிள்ளை குழம்பிவிடும் என்றார். இருவரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். அதில்தான் வினையே இருந்தது.

பெற்றவள் படியேறி வந்தாள். மெலிந்த உடம்பு, புதுச் சேலை, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. கோப்பி கொடுத்தோம், வேண்டாம் என்றாள். பிள்ளையின் முகத்தைத் தவிர வேறு எதையும் அவள் பார்க்கவில்லை. அம்மா பாப்பாவுக்கு எண்ணெய் வைத்துத் தலைவாரி, பவுடர் போட்டு, கன்னத்தில் மைப்பொட்டு வைத்துக் கையில் கொடுத்தாள். பாப்பா போட்ட கூச்சலில் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அம்மா படி உச்சியில் நின்று சிரித்துக்கொண்டே இருந்தாள். கூச்சல் தெருமுனையில் தேய்ந்து நின்ற பிறகும் அந்தச் சிரிப்பு அவள் முகத்தை விட்டு இறங்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

அன்றைக்கே அப்பா ஸ்பிரிங்கைக் கழற்றிச் செய்தித்தாளில் சுற்றி அலமாரி மேல் போட்டார். பாப்பாவின் தட்டு, சட்டை, மூக்குடைந்த பிளாஸ்டிக் வாத்து எல்லாம் ஒரு பெட்டிக்குள் போயின. அவள் பெயரை வீட்டில் எடுக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. அம்மாவைப் படத்துக்கு அழைத்துப் போனார். அம்மா இருட்டில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். தெருவில் பார்த்தவர்கள், பெரிய புண்ணியம் பண்ணினாய் என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். யாரும் மாடியேறி வந்து உட்காரவில்லை. நல்ல காரியம் நடந்த வீட்டில் வந்து விசாரிக்க என்ன இருக்கிறது?

அம்மா சமைப்பதை விட்டாள். அடுப்புக்கு முன்னால் போய் நிற்பாள், தீப்பெட்டியை எடுப்பாள், வைப்பாள். நானும் அப்பாவும் ரொட்டியைக் கோப்பியில் நனைத்துத் தின்றோம். அந்த வாரத்திலேயே மிஸ் மறுபடியும் வந்தார். அம்மாவைப் பாராட்டி ஒரு சேலை கொண்டுவந்திருந்தார். கூடவே ஒரு விஷயம். ஆண் குழந்தை, பிறந்து சில வாரம்தான், தாய் பிரசவத்தில் படுத்தவள் இன்னும் எழவில்லை, இல்லத்தில் வைத்தால் தாங்காது என்றார்.

"வேணாம் மிஸ். என்னால இனிமே ஆகாது. வேற வீடு பாருங்க" என்றாள் அம்மா.

அம்மா களைத்துப் போயிருக்கிறாள், ஓய்வு எடுக்கட்டும், தீபாவளி கழித்து வந்து கேட்கிறேன் என்று மிஸ் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். களைப்பாம். ராத்திரி முழுக்க வயிற்றுப்போக்குப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டுக் காலையில் இடியப்பம் பிழிந்தவள் அம்மா. அவளுக்குக் களைப்பு என்றால் என்னவென்றே தெரியாது. அந்த ஆண் குழந்தை எங்கே படுத்திருக்குமோ, யார் பால் கொடுப்பார்களோ என்று நான்தான் கவலைப்பட்டேன். அம்மா அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காத அம்மாவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கீழ்க்கடை முதலாளியின் மனைவியை நான் மாமி என்பேன், அம்மா அக்கா என்பாள். அவர்கள் தமிழ் முஸ்லிம்கள். மாமிக்கு முழங்கால் வீக்கம், படியேறவே மாட்டார். ஏதாவது வேண்டுமென்றால் துடைப்பக் கட்டையால் கீழிருந்து பலகையைத் தட்டுவார். மேலே அடுப்புச் சத்தம் நின்று போனது அவருக்குத்தான் முதலில் தெரிந்தது. ஒரு மத்தியானம் மூடி போட்ட எனாமல் மங்குக் கிண்ணத்தில் சோறும் பருப்பும் கத்திரிக்காயும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். எங்களுக்காகக் கறி போடாமல் தனியாகச் சமைத்தது. வைத்துவிட்டு இறங்கிவிட்டார். மறுநாளும் வந்தார். மூன்றாம் நாள் வந்தபோது அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.  வெகுநேரம் கழித்து எழுந்தார். போயிட்டு வர்றேன் என்று சொல்லாமலே படியிறங்கிப் போனார்.

வேலை முடிந்து வந்து அறைக்குள் சட்டை மாற்றிக்கொண்டிருந்த அப்பாவுக்கு அப்போதுதான் புரிந்தது. மூன்று நாள் சோறு, சொல்லிக்கொள்ளாமல் புறப்பட்டது எல்லாம் துக்க வீட்டுக்குச் செய்கிற முறை. அவர்களிலும் அப்படித்தான், நம்மிலும் அப்படித்தான். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இங்க என்ன சாவா விழுந்துச்சு? உசுரோட இருக்குற புள்ளைக்கு இப்படியா செய்வாங்க? கீழ போய்க் கேட்டுட்டு வர்றேன்" என்று கிளம்பினார்.

அம்மா மங்கின் மூடியைத் திறந்து, அதிலேயே பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். பல நாளைக்குப் பிறகு அவள் சோறு தின்பதைப் பார்த்து அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஒன்னும் கேக்க வேணாம். அவங்க ஒருத்தங்கதான் வந்து உக்காந்தாங்க" என்றாள் அம்மா. இன்னொரு வாய் தின்றாள். "சாவு இல்லதான். அப்ப கல்யாணம்னே வெச்சுக்குங்க. பொண்ணக் கட்டிக் குடுத்து அனுப்புறப்ப பெத்தவள அழ விடுவீங்கல்ல? அப்புறம் மறுவீடு அழைப்பீங்கல்ல? எனக்கு அழவும் இல்ல, அழைக்கவும் இல்ல. பொட்டியில போட்டு மூடிட்டீங்க."

 அப்பா வாய்ச்சொல்லில் கெட்டிக்காரர் கிடையாது. இரும்புச் சாமானைத் தூக்கி இறக்குகிற மனிதர். ஆனால் ஒன்றைச் செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டால் முறையாகச் செய்வார், கொஞ்சம் அதிகமாகவே முறையாகச் செய்வார். ஓய்வு நாளன்று காலையில் கடைத்தெருவுக்குப் போய் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், கற்கண்டு, பூ எல்லாம் வாங்கிப் பித்தளைத் தட்டில் அடுக்கிச் சிவப்புத் துணி போட்டு மூடினார். கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். பெண்பிள்ளை ஒன்று கூட வந்தால் நல்லது என்று என்னையும் அழைத்துக்கொண்டார். எங்கே போகிறோம் என்று அம்மாவிடம் சொல்லவில்லை.

அக்கரைக்குப் போகிற அந்த ஃபெரியில் நீங்கள் எல்லாரும் போயிருக்கிறீர்கள். கீழே கார்கள், மேலே மரப்பலகை இருக்கைகள், டீசல் புகையும் உப்புக்காற்றும் கலந்து முகத்தில் அடிக்கும். இப்போது ஓடுகிற படகில் அந்த மணம் வருமா? அப்பா தட்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். எதிரே இருந்த சீனப் பாட்டி என்னையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு மாப்பிள்ளை பார்க்கப் போகிறோம் என்று நினைத்தாளோ என்னவோ, வெட்கமாகப் போய்விட்டது.

பட்டர்வொர்த்தில் பஸ் ஏறி மாக் மண்டினுக்குப் போய், தொழிற்சாலை மதிலை ஒட்டி இருந்த பலகை வீடுகளில் விசாரித்து விசாரித்துக் கண்டுபிடித்தோம். காய்ந்த ரப்பர் வாடை எங்கும் இருந்தது. பெற்றவள் கதவைத் திறந்தாள். எங்களைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப் போனது. சட்டென்று கதவைப் பாதி சாத்திக்கொண்டாள்.

"தட்ட எடுத்துக்கிட்டுப் போயிருங்க" என்றாள் உள்ளிருந்து. "நான் நோயில கெடந்தவதான், ஒத்த ஆளுதான். அதுக்காக எம்புள்ளைய யாருக்கும் தூக்கிக் குடுத்துர மாட்டேன்."

நம் ஆட்கள் வெற்றிலைத் தட்டோடு ஒரு வீட்டு வாசலில் நின்றால் பெண் கேட்க நிற்பார்கள், இல்லையென்றால் பிள்ளையைத் தத்துக் கேட்க நிற்பார்கள். அவள் வேறு எதை நினைப்பாள்? அப்பாவுக்கு இது தோன்றவே இல்லை. வெயிலில் வியர்த்து வழிய அசடாக நின்றார். உள்ளே பாப்பா அழுகிற சத்தம் கேட்டது. அழுது அழுது கரகரத்துப்போன குரல். எனக்கு உள்ளே ஓடிவிட வேண்டும் போலிருந்தது. அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"கேக்க வரலம்மா. அழைக்க வந்திருக்கேன்" என்றார். "நீ உன் புள்ளையக் கூட்டிக்கிட்டு ஒரு நாளு எங்க வீட்டுக்குச் சாப்பிட வரணும். மறுவீட்டுக்கு. சாப்டுட்டு, நீயே கூட்டிக்கிட்டுப் போயிருலா."

கதவு திறக்கவில்லை. அப்பா தட்டை வாசலில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டார். பித்தளைத் தட்டு போனது போனதுதான் என்று நான் நினைத்தேன்.

தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். மேலே ஏறத் தயங்கிக் கீழே கடையிலேயே நின்றிருக்கிறாள். மாமி துடைப்பக் கட்டையால் பலகையை இடித்த இடியில் எங்கள் பாத்திரங்கள் அதிர்ந்தன. அம்மா படி உச்சிக்கு வந்தாள். பாப்பா தாயின் இடுப்பிலிருந்து நழுவி, நான்கு காலால் படியேறி, அம்மா என்று கத்திக்கொண்டு வந்து அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

அம்மா அவளைத் தூக்கவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அம்மாவின் இரண்டு கையும் முன்னால் வந்தன, பிறகு புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டன. பாதிப் படியில் பெற்றவள் நின்றிருந்தாள். அடி வாங்கியவள் முகம்.

"எங்கிட்ட சாப்பிட மாட்டேங்குது அக்கா. தூங்க மாட்டேங்குது. என்னப் பாத்தாலே அழுவுது" என்றாள்.

அம்மா அவளைக் கூட்டி வந்து பாயில் உட்கார வைத்தாள். பாப்பாவை அவள் மடியில் உட்கார வைத்துவிட்டுப் பின்னால் தானும் உட்கார்ந்துகொண்டாள். பருப்பும் நெய்யும் பிசைந்து உருண்டையைப் பெற்றவள் கையில் வைத்து, நீ ஊட்டு என்றாள். பாப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தாள். சாப்பிட்ட பிறகு அம்மா பெற்றவளின் விரலைப் பிடித்துப் பாப்பாவின் இடது காதுமடலில் வைத்தாள். இப்படி, மெதுவா, நகம் படாம என்று சொல்லிக் கொடுத்தாள். பாப்பாவின் கண் சொருகியது. தாயின் மடியில் அவள் தூங்கிப்போனதும், அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெற்றவளும் அழுதாள். நல்ல நாளும் அதுவுமாய் இப்படியா என்று அப்பா சொல்லவில்லை. கீழே இறங்கிக் கிணற்றடிப் பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு ஞாயிறு அவர்கள் வருவார்கள், சில மாதம் நாங்கள் போவோம். பாப்பா அம்மாவையும் அப்பாவையும் பெரியம்மா, பெரியப்பா என்று கூப்பிட ஆரம்பித்தாள். முதல் தடவை அதைக் கேட்டபோது அம்மாவுக்கு வலித்திருக்கும். ஆனால் அன்று இரவு அடுப்பில் இரண்டு குழம்பு கொதித்தது.

மிஸ் வந்தார். விஷயம் கேள்விப்பட்டுக் கொஞ்சம் கோபமாகத்தான் வந்தார். பிள்ளை இப்போது சாப்பிடுகிறது, தூங்குகிறது என்பதைப் பெற்றவளே போய்ச் சொல்லியிருந்ததால் கோபத்தை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த ஆண் குழந்தைக்கு இன்னும் வீடு கிடைக்கவில்லை, அதன் தாயும் இறந்துவிட்டாள் என்றார். அம்மா கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"கொண்டாங்க. ஆனா போறப்ப நானே கொண்டுபோய் விடுவேன். அது எங்க படுக்கப்போவுதுன்னு எங்கண்ணால பாக்கணும். ஒரு மாசம் கழிச்சு மறுவீடு அழைப்பேன். புள்ளையக் குடுக்க மட்டும் வராம, புள்ள போன பொறவும் நீங்க வந்து உக்காரணும் மிஸ்."

 அப்படி வழக்கம் இல்லை என்றார் மிஸ். பிறகு, பார்க்கலாம் என்றார். மறுநாள் குழந்தையோடு வந்தார்.

அம்மா அதற்குப் பிறகு தலை நரைக்கும்வரை பிள்ளைகளை வளர்த்தாள். எப்படித்தான் விட்டுக்கொடுக்க மனசு வருகிறதோ, கல்மனசு என்று பேசியவர்களும் உண்டு. சாமி மனசு என்றவர்களும் உண்டு. இரண்டும் இல்லை என்று அந்த வீட்டில் இருந்த எனக்குத் தெரியும். சனிக்கிழமை மத்தியானம் மாமி குழந்தையைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார், அம்மா கட்டையாகத் தூங்குவாள். அப்பா துணி அலசக் கற்றுக்கொண்டார், அந்தக் காலத்தில் கிரேன் ஓட்டுகிறவர் மாடி ஜன்னலில் குழந்தைத் துணி காயப்போட்டால் தெருவே பேசும், பேசட்டும் என்றார். பிள்ளை போனால் அழலாம். போன பிள்ளையைப் பார்க்கலாம். இவ்வளவுதான் விஷயம். பொறுமையைப் பற்றி மேசையில் தீர்ப்புச் சொன்னீர்களே, அந்த மருமகள் வீட்டுக்கு உங்களில் யாராவது போய் உட்கார்ந்தீர்களா? குழந்தை இப்போது எங்கே இருக்கிறது என்று அவளுக்கு யாராவது சொன்னார்களா?

அந்த ஆண் குழந்தை நடக்கத் தொடங்கியபோது அவனுடைய சித்தி ஒருத்தி அக்கரையிலிருந்து முன்வந்தாள். அம்மா தானே தூக்கிக்கொண்டு போனாள். நானும் அப்பாவும் உடன் போனோம். அவன் படுக்கப்போகும் கட்டிலை அம்மா கையால் அழுத்திப் பார்த்தாள், கொசுவலையில் கிழிசல் இருக்கிறதா என்று பார்த்தாள், சித்தியின் கையில் அவனைக் கொடுத்தாள். திரும்பி வரும்போது ஃபெரி மேல்தட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பொத்திக்கொள்ளவில்லை, குனிந்துகொள்ளவில்லை. சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு மலாய்க்காரர் வந்து அப்பாவிடம், யாராவது இறந்துவிட்டார்களா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். இல்லை, பிள்ளையை அனுப்பிவிட்டு வருகிறோம் என்று அப்பா மலாயில் சொன்னார். அம்மாவை அழாதே என்று சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபெரி பினாங்குத் துறையில் இடித்து நின்றது. எல்லாரும் எழுந்தார்கள். அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைச் சிந்தித் துடைத்தாள், தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"அடுத்த மாசம் அவனுக்கு மறுவீடு" என்றாள் அப்பாவிடம். "அது முடிஞ்சதும் வேற புள்ள இருந்தா கொண்டாரச் சொல்லுங்க."

அப்பா சரி என்றார்.